ஏலத்தில் போன கேம் பெட்டி

குருநகர்
09.02.2025

அன்புள்ள தம்பி டினேசுக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, அத்தான், பிள்ளை ஷெரோன், நான் எல்லோரும் சுகம். அந்த மலைக் குளிரில் உன் நெஞ்சுச்சளி கூடாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் செபம். இனி உன்னை 'நீங்கள்' என்றுதான் எழுதவேண்டுமாம், அம்மாவின் உத்தரவு. "நாளைக்கு அங்கி போடப்போற பிள்ளைக்கு நீ, வா எண்டு எழுதுவியோ?" என்று ஒரே ஏச்சு. போடட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

துறவு மடத்து வாசலிலேயே போனை வாங்கிவிட்டார்கள், ஒரு வருடத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்று கேட்டு எமில் அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தக் காலத்திலையும் முத்திரை நக்கி ஒட்டுறதோ?" என்றார். எனக்கு எழுதுவது பிடிக்கும், உனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சின்னவளோடு பேனை பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. பிந்தினால் கோபிக்காதே.

நீ சொல்லிப் போனபடி செபஸ்தியார் திருநாளன்று உன் கேம் பெட்டியைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்தேன். கொன்ரோலர், நாலு சீடி, வயர் எல்லாம் சேர்த்து. பூசை முடிய வழக்கம்போல் காணிக்கைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். சேவல்கள் போயின, தேங்காய்க் குலை போனது, ஒரு கூடை நண்டு போனது, அதற்குப் பிறகு உன் பெட்டி. ஏலம் கூறின இன்னாசித்தம்பி அண்ணை அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "இது என்ன சாமான் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா வயர் கனக்கக் கிடக்கு, கேளுங்கோ!" என்றார். சனம் எல்லாம் சிரித்தது. அம்மா மட்டும் அழுதா.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற நிரோஜாதான் ஏலம் கேட்டவள். அவளுக்கே விழுந்தது.

நேர்ந்த சாமானை நேர்ந்த வீடு திரும்ப ஏலத்தில் எடுக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம், நீ கேட்டிருப்பாய். "நேர்ந்தது திரும்பினால் நேர்ந்தவனும் திரும்புவான்." யாரோ ஒரு வீட்டார் தாங்கள் கொடுத்த சேவலைத் தாங்களே திரும்ப எடுக்க, குருமடத்துக்குப் போன மகன் அடுத்த மாதம் துணிப்பெட்டியோடு வீட்டுப் படலையில் நின்ற கதையை அன்று வருகிற போகிற எல்லோருக்கும் சொன்னா.

ஆகவே அது போய்விட்டது. நீ மனதில் வைத்திருக்காதே.

பிள்ளை அழுகிறாள். உன் செபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்.

அன்பு அக்கா
ஜெயனி


நவதுறவகம்
02.03.2025

அன்பான அக்காவுக்கு,

இயேசுவின் அருளால் நலம். சளி இல்லை. குளிர் இருக்கிறது, ஆனால் அதைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவின் கால்வீக்கம் எப்படி? அத்தானுக்குத் தொழில் எப்படி? ஷெரோன் நடக்கிறாளா?

நாங்கள் ஒன்பது பேர். மணி அடித்தால் எழும்ப வேண்டும், மணி அடித்தால் வாய் மூட வேண்டும். தோட்டத்தில் எனக்குக் கோவாப் பாத்தி தந்திருக்கிறார்கள். பயிற்சித் தந்தை நல்லவர், மெதுவாகப் பேசுவார். பேசினபிறகு நெடுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், அதுதான் பயம்.

பெட்டியைக் கொடுத்ததற்கு நன்றி. நான் கொடுக்கக்கூடியதில் எனக்கு நோகிற சாமான் அது ஒன்றுதான். அதனால்தான் அதை நேர்ந்தேன்.

ஆனால் நிரோஜா அக்காவா எடுத்தது? ரீவிச் சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் அதற்குமேல் போர்வை போட்டு மூடினவ அல்லவா அவ! சரி, எடுத்தது எடுத்ததுதான். கொன்ரோலரின் இடதுபக்கக் குமிழ் தானாக ஒருபக்கம் இழுக்கும், பெருவிரலால் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல். குதிரைக்காரன் சீடியை முதலில் போடவேண்டாம் என்று சொல். மனம் விட்டுப்போகும். தோட்டக் கேமில் தொடங்கட்டும். குதிரைக்காரனில் கல்லுப்பாலம் ஒன்று வரும், அதில் ஒரு பூதம் நிற்கும். அதை நானே தாண்டவில்லை.

இதெல்லாம் எனக்கு இனித் தேவையில்லை. அவவுக்கு உதவட்டும் என்று எழுதினேன்.

எல்லோருக்கும் என் அன்பு. சின்னவளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு.

தம்பி
டினேஸ்


குருநகர்
06.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். ஷெரோனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. தவக்காலம் என்று ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதைக்கு நடக்கிறா. உன் கடிதத்தை அங்கேயும் கொண்டுபோய்க் காட்டுகிறா.

நீ சொன்னதை நிரோஜாவிடம் சொன்னேன். குமிழை அழுத்திப் பிடிக்க இப்போது நல்லாக இருக்கிறதாம். அவளின் அபிப்பிராயங்களைக் கேட்டால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

தோட்டக் கேம் நல்லது, ஆனால் முழுப்பொய் என்கிறாள். கரட் நட்டால் நாலாம் நாள் கரட். பூச்சியும் இல்லை, உரத்துக்கு வரிசையும் இல்லை. ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கரட் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், எல்லோருக்கும் உன்மேல் பட்சம் வந்துவிடும். அங்கே ஒரு பிள்ளையும் அழுவதில்லை. கொஞ்ச நாள் இனித்தது, பிறகு சீனி அதிகமான தேத்தண்ணிபோல் திகட்டிவிட்டதாம்.

அதற்குப் பிறகு உன் சொல்லைக் கேளாமல் குதிரைக்காரனைப் போட்டாள். முதல்நாள் கொன்ரோலரை எறியப்போனாள். ஒன்றுமே சொல்லித் தராமல் ஒருத்தனைக் காட்டுக்குள் இறக்கிவிட்டு, அவன் திரும்பிப் பார்க்கமுன் கொன்றுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பிறகுதான் பிடிபட்டது. அது கெட்ட கேம் இல்லை, கண்டிப்பான கேம். விழுந்தால் ஏன் விழுந்தாய் என்று உனக்கே தெரியும்: அவசரப்பட்டாய், அல்லது கேடயம் தூக்கப் பிந்தினாய். இந்த உலகத்தில் ஒன்று பிழைத்தால் அது யாருடைய பிழை என்று இவ்வளவு தெளிவாக யார் சொல்கிறார்கள்? செத்தவன் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் திரும்பவும் எழும்புகிறான். அவன் எழும்புவான், குதிரைதான் பாவம். குதிரைக்கு அம்பு பட்டபோது அவள் வாய்விட்டு "மன்னிச்சுக்கொள்ளடா ராசா" என்றாளாம்.

விளையாடுகிற நேரம் தலைக்குள் வேறு ஒரு நினைப்பும் வராது என்கிறாள். அவளுக்கு அதில் பிடித்தது அதுதானாம்.

பாலத்துக்கு இன்னும் வரவில்லை.

உயிர்ப்புத் திருநாள் உனக்கு நல்லபடி அமையட்டும். பாடும்போது தொண்டையைக் கவனி.

அக்கா


நவதுறவகம்
27.04.2025

அன்பு அக்கா,

உயிர்ப்பு வாழ்த்துகள். உன் கடிதம் பெரிய வியாழனன்று கிடைத்தது. நலம்தானே எல்லோரும்? சின்னவளுக்குக் காய்ச்சல் என்றதும் மனம் ஒருமாதிரியாக இருந்தது.

இங்கே நடந்ததைக் கேள். பொழுதுபோக்கு நேரத்தில் உன் கடிதத்தை நான் தனியே வாசித்துச் சிரிக்க, மற்றவர்கள் பறித்துவிட்டார்கள். எட்டுப்பேருக்கும் வாசித்துக் காட்டவேண்டியதாகிவிட்டது. நீர்கொழும்புப் பிரதர் ஒருவருக்கு நம் மொழி தெரியாது, அவருக்கு இன்னொருவர் சிங்களத்தில் சொன்னார். அவர் எழும்பி நின்று கேட்ட ஒரே கேள்வி: "குதிரை பிழைத்ததா?" நிரோஜா அக்காவிடம் அதைக் கேட்டு எழுது. வாக்குவாதம் நடக்கிறது.

தோட்டக் கேமைப் பற்றிச் சொன்னது சரி. நான் இங்கே உண்மையான கோவா நட்டிருக்கிறேன், பாதியை நத்தை தின்றுவிட்டது.

அக்கா, பாலத்துக்கு வந்துவிட்டாவா? பூதம் வலதுகையை ஓங்கும்போது பின்னுக்குப் போகக்கூடாது, முன்னுக்குப் போகவேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மௌனசெபத்தில் முட்டுக்காலில் இருக்கும்போது தோன்றியது. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். பயிற்சித் தந்தை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

உன் கடிதம் வருகிற கிழமை நான் நல்லாக இருக்கிறேன். மற்றக் கிழமைகளைப் பற்றிக் கேட்காதே.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டும்போது கடைசி வரிகளை விட்டுவிடு.

டினேஸ்


குருநகர்
08.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் பிந்தியதற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை, வழக்கமான வேலைகள்தான். எல்லோரும் சுகம். ஷெரோன் நடக்கிறாள். நடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பயம் என்று ஒருவரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

குதிரை பிழைத்தது, நீர்கொழும்புப் பிரதரிடம் சொல். நீ சொன்னபடி முன்னுக்குப் போனதும் பூதம் விழுந்தது. விழுந்தபிறகு சந்தோசத்துக்குப் பதில் ஒரு வெறுமைதான் வந்ததாம். பாலத்துக்கு அந்தப்பக்கம் இன்னொரு காடு, அவ்வளவுதான். ஆனால் வெயில் அழகாக விழுகிறது. அந்த வெயிலுக்காக அந்தக் கேமுக்குப் பத்துக்கு எட்டுப் போடலாம். எழுத்துச் சின்னதாக இருப்பதற்கு ஒன்றைக் குறைக்கலாம்.

மூன்றாவது சீடி, அந்தக் கடல் கேமைப்பற்றி நீ கேட்கவேயில்லை. அது கடலைக் கண்டிராத ஒருவன் செய்தது. வலை கிழிவதில்லை. மண்ணெண்ணெய் முடிவதில்லை. புயல் வரமுன் ஒரு பாட்டு வருகிறது, அதைக் கேட்டதும் கரைக்குத் திரும்பினால் சரி. அப்படி ஒரு பாட்டு இங்கே இருந்தால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அத்தான் பின்னால் இருந்து சோறு சாப்பிட்டபடி பார்த்துவிட்டு, "உவன் ஆரடாப்பா? நீரோட்டம் பாக்காமல் வலை விடுறான்! உவனுக்கு ஆர் படகு குடுத்தது?" என்று சத்தம் போட, ஷெரோன் எழும்பிவிட்டாள்.

நாலாவது சீடி, தகப்பன் ஒருவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடிந்த நகரத்தைக் கடக்கிற கதை. கதவைத் திறக்க வேண்டுமானால் குழந்தையைக் கீழே வைக்கவேண்டும். கீழே வைத்தால் அது அழும். நிரோஜா அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். நல்ல கேம்தான், மிக நல்ல கேம். ஆனால் இனிப் போடமாட்டாளாம்.

மற்றக் கிழமைகளிலும் செபி தம்பி. அம்மா உனக்காக நாள்தோறும் மூன்று செபமாலை சொல்கிறா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ஜெயனி


நவதுறவகம்
29.06.2025

அன்பு அக்கா,

சுகம். மழை. கோவா எல்லாம் அழுகிவிட்டது, இப்போது அந்தப் பாத்தியில் லீக்ஸ் நட்டிருக்கிறேன்.

அத்தான் எப்போதிருந்து நிரோஜா அக்கா வீட்டில் இருந்து சோறு சாப்பிடுகிறார்? ஷெரோன் ஏன் அங்கே நித்திரை கொள்கிறாள்?

இந்தக் கேள்வியை நான் இங்கே ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. உன் கடிதத்தையும் இந்த முறை வாசிக்கவில்லை.

பயிற்சித் தந்தை எங்கள் ஒவ்வொருவரையும் ஏன் இங்கே வந்தோம் என்று எழுதச் சொன்னார். மற்றவர்கள் பக்கம்பக்கமாக எழுதினார்கள். நான் எழுதியது இதுதான்: சின்னவயதில் செத்துப்பிழைத்தேன், அம்மா என்னைக் கோயிலுக்கு நேர்ந்தா, அம்மாவுக்குச் சந்தோசம், எனக்கும் சந்தோசம். அதோடு முடிந்துவிட்டது. 'எனக்கும்' என்ற சொல்லைத் தந்தை பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.

அக்கா, நான் வீட்டுக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். யோசனை மட்டும்தான். அம்மாவிடம் சொல்லாதே. நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் எழுது. உன் எழுத்தில் சொல், நிரோஜா அக்காவின் வாயால் வேண்டாம்.

அன்புத் தம்பி
டினேஸ்


குருநகர்
17.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றரை மாதம் பதில் இல்லாமல் இருந்ததற்கு என்ன சொல்வது. எங்களுக்குச் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும்.

ஏலத்தில் எடுத்தது நான்தான். முதல்நாளே நிரோஜாவிடம் சொல்லி, அவளைக் கேட்கவைத்து, திருநாள் சனம் கலைந்தபிறகு துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா தன் வீட்டில் இருந்து பகலில் வருகிற நேரம் அலுமாரியின் கீழ்த்தட்டில் வைப்பேன். அத்தானுக்குத் தெரியும். "உனக்குச் சந்தோசமெண்டால் வைச்சிரு" என்றார். அவர் நல்ல மனிதர், அதனால் எனக்கு இன்னும் கூச்சம்.

ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஷெரோன் பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பயம். அவள் நித்திரை கொண்டால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். வைத்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தேனா என்று திரும்பப் போவேன். அத்தான் கடலுக்குப் போனால் இரண்டு பக்கமும் பயம். பிள்ளையைப் பார்க்கக் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து, "வேறை ஏதும் பிரச்சினை இருக்கோ பிள்ளை?" என்று கேட்டா. படித்த பிள்ளை, கம்பஸ் முடித்த பிள்ளை, என்ன சொல்வது? இல்லை மிஸ் என்றேன். நீ போகமுன் ஒருநாள் கொன்ரோலரை என் கையில் தந்து, படகு ஓட்டு அக்கா என்றாயே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதற்காக, செபஸ்தியாருக்கு நீ கொடுத்ததை நான் எடுத்தேன்.

இப்போது பார். அம்மா சொன்னதுபோலவே நடக்கிறது. நேர்ந்தது திரும்பி வந்தது, நீயும் திரும்பப் பார்க்கிறாய். நான் கம்பசில் படித்தவள், சேவல் கதையை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். நம்புகிறேன். நம்பாவிட்டாலும் என்ன, அந்தக் கடிதங்களை எழுதியது யார்? முட்டுக்காலில் இருந்த உன்னைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பங்கு இளைஞர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அது உண்மையாகவே போய்விட்டது. நீயும் உண்மையாகவே அங்கே இரு தம்பி. இனிக் கேம் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். நீ வந்தால் அதற்கு நான்தான் காரணம் என்ற நினைப்போடு என்னால் இருக்க முடியாது.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


நவதுறவகம்
14.09.2025

அன்பான அக்காவுக்கு,

இறையருளால் நலமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது.

நான் வரமாட்டேன். ஜனவரியில் துறவியாக முதல் வார்த்தைப்பாடு எடுப்பேன். நான் வந்தால் நீ உன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாய், அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க என்னாலும் முடியாது. ஆகவே முடிவெடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல், சந்தோசப்படுவா.

குடும்பநல மாதுவிடம் சொல் அக்கா. அது பிரச்சினைதான்.

அனைவருக்கும் என் அன்பும் செபமும்.

டினேஸ்


குருநகர்
05.10.2025

அன்புள்ள தம்பி,

எல்லோருக்கும் உடம்பு சுகம். மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன், குற்றம் என்ற வரியை விட்டுவிட்டு. அம்மா அதை வாங்கி முத்தமிட்டு, மாதா படத்துக்குப் பின்னால் செருகினா. எனக்கு அந்தச் செருகின மூலையைப் பார்க்க முடியவில்லை. உன் எழுத்து அப்படி இல்லை, தம்பி. குதிரை பிழைத்ததா என்று கேட்டவன் எழுதிய கடிதம் அல்ல அது. பங்குத்தந்தைக்கு எழுதுவதுபோல எனக்கு எழுதியிருக்கிறாய்.

நான் என்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பதற்காக ஒருவன் தன் வாழ்நாளைக் கொடுத்துவிட்டு இருப்பானா? அப்படி ஒரு காணிக்கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

போன சனிக்கிழமை மத்தியானம் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, தம்பியின்ரை பெட்டியை ஏலத்திலை எடுத்தது நான். நிரோஜா இல்லை."

கத்தி நின்றது. "என்னடி சொல்லுறாய்?"

"நான்தான் அம்மா. வீட்டிலை வைச்சு விளையாடினனான்."

"செபஸ்தியாருக்குக் குடுத்ததை? பிள்ளை பெத்தவள், வீட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சு விளையாடினனியோ? உனக்கு என்னடி குறை? மனிசன் இல்லையோ, பிள்ளை இல்லையோ?"

"பயமாக் கிடந்தது."

"என்ன பயம்?"

சொன்னேன். மூச்சைப் பார்ப்பதைச் சொன்னேன். அம்மா கையில் இருந்த பாரைமீனைக் கழுவினா, கழுவின மீனையே திரும்பவும் கழுவினா. பிறகு நீ எழுதின அந்த வரியை, நான் வாசிக்காமல் விட்டதை, வாசித்தேன். ஜூன் கடிதத்தையும் வாசித்தேன், 'எனக்கும்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டதை. என்னை மன்னித்துக்கொள், அம்மாவிடம் சொல்லாதே என்றாய்.

"அவன் வந்தால் ஊருக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஜெயனிதான் கெடுத்தவள் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன்!" என்றா அம்மா. "சொல்லாமல் விடுவனோ?"

சொன்னாவும். அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்தநாள் பூசைக்குப் போக இன்னாசித்தம்பி அண்ணை கோயில் வாசலில் நின்று, "வாங்கோ பிள்ளை வாங்கோ. சாமியாரை வித்து ரீவிப்பெட்டி வாங்கினது உங்கடை வீடோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் பதில் சொல்ல வாயெடுத்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பூசையில் இருந்துவிட்டு வந்தேன். கால்கள் நடந்தன.

அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆனால் மத்தியானத்தில் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "போய்ச் சரிஞ்சு கிட. பிள்ளையை நான் பாக்கிறன், மூச்சையும் பாக்கிறன்" என்கிறா. குடும்பநல மாதுவிடமும் சொல்லிவிட்டேன். கிளினிக்குக்கு வரச்சொல்லி நாள் தந்திருக்கிறா.

இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், என்னைக் காப்பாற்ற நீ அங்கே இருக்கவேண்டிய தேவை இனி இல்லை. பழி வந்துவிட்டது. நீ வந்தாலும் அது எனக்குத்தான், வராவிட்டாலும் அது எனக்குத்தான். உன் வார்த்தைப்பாட்டால் அதில் ஒரு துளியும் குறையாது. ஆகவே உன் கணக்கில் இருந்து என் பெயரை வெட்டிவிடு. அம்மாவின் பெயரையும் வெட்டு. மிச்சம் இருப்பதைப் பார். அங்கேயே இருக்க விருப்பம் என்றால் இரு, நான் உன் வார்த்தைப்பாட்டுக்குச் சேலை கட்டிக்கொண்டு வருவேன். இல்லை என்றால் வா.

கடவுள் உன்னோடு இருக்கட்டும், எந்தப் பக்கம் நீ நடந்தாலும்.

அக்கா ஜெயனி


நவதுறவகம்
02.11.2025

அன்பு அக்கா,

சுகம். உண்மையாகவே சுகம், நேற்றிலிருந்து.

நீ சொன்னபடி பெயர்களை வெட்டிப் பார்த்தேன். நாலு நாள் எடுத்தது. மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பயிற்சித் தந்தையிடம் போய்ச் சொன்னேன். "மாசக்கணக்காக நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். கோபம் இல்லை. லீக்சை அடுத்தவருக்கு ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

நீ காரணம் இல்லை என்று எழுதத் தொடங்கிவிட்டுப் பேனையை மூடிவைத்தேன். முழுக்க அது உண்மை இல்லை. உன் கடிதங்கள் வராமல் இருந்திருந்தால் நான் இங்கேயே இருந்திருப்பேன். சந்தோசம் இல்லாமல், ஒரு கேள்வியும் கேட்காமல், கிழவனாகும்வரை இருந்திருப்பேன். அதற்காக உன்னைக் குற்றம் சொல்வதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இரண்டையும் செய்யாமல் வருகிறேன். உனக்கு நோகும், தெரியும். நோகட்டும். எனக்கும் நோகிறது. அம்மாவுக்கு எல்லோரையும்விடக் கூட.

வெள்ளிக்கிழமை இரவு பஸ். விடிய யாழ்ப்பாணம் வந்துவிடுவேன். அத்தானைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று மறிக்காதே. அம்மாவையும் கூப்பிடாதே, அவவுக்கு வரமனம் வந்தால் தானாக வருவா. வராவிட்டால் நான் போய் வாசலில் நிற்பேன், ஏசி முடியும்வரை நிற்பேன்.

நீ மட்டும் பஸ் நிலையத்துக்கு வா. பிள்ளையை நிரோஜா அக்காவைப் பார்க்கச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வா அக்கா. அவள் நித்திரை கொள்ளட்டும்.

டினேஸ்